பின்வாசலை மறித்த பாவு

சென்ற சித்திரையில் தீத்தொண்டு வாரத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் தீயணைப்பில் இருந்தவன், நாலு வார்த்தை பேசட்டும் என்று. பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று அதையே கழற்றி மறுபடி போர்த்தினார்கள். பேசுவதற்கு மிஞ்சியது ஐந்து நிமிடம். அதற்குள் இளம் வீரர் ஒருவர் எழுந்து வந்து, வீடு வீடாகப் போய் ஆபத்துக்கு எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்று பார்க்கும் படிவத்தைச் செல்போனில் காட்டினார். "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார்.

பார்த்தேன். வீட்டில் தண்ணீர் உள்ளதா: ஆம், இல்லை. இரண்டாவது வழி உள்ளதா: ஆம், இல்லை. கடைசி வரை இதேதான்.

"குப்பையா இருக்கு" என்றேன். மைக் என் வாய்க்கு நேராக இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்தத் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஏன் குப்பை என்று சொல்லாமல் நான் வந்துவிட்டேன். அது என் தப்பு. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது, ரிப்போர்ட்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏணியில் ஏறினோம், இறங்கினோம். ஹோஸை விரித்தோம், சுருட்டினோம். வகைவகையாக முடிச்சுப் போடக் கற்றோம். முடிச்சில் எங்கள் அணியில் நான்தான் முதல். அந்தத் திமிர் ரொம்ப வருடம் என்னிடம் இருந்தது.

நிஜமான பயிற்சி ஞானமுத்து சாரிடம்தான். நிலைய அலுவலர். நாசரேத் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், சத்தம் போட மாட்டார். எங்கள் வண்டி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு பக்கமும் போகும். வெயில் ஏறத் தொடங்கும் மாசி மாதத்திலேயே கூரை வீடுகள் உள்ள தெருக்களுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்து போவார். காக்கி போட மாட்டார். இன்ன நாள் வருகிறோம் என்று சொல்லவும் மாட்டார். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "தாயி, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்பார்.

மனுஷனுக்குத் தாகம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலாவது வீட்டிலும் தண்ணீர் கேட்டபோது, "சார், எனக்கு வயிறு முட்டுது" என்றேன்.

"ஏலே வேலுச்சாமி, குடிக்கவா வந்தோம்? தண்ணி எங்கருந்து வருது, எம்புட்டு நேரத்துல வருதுன்னு பாரு."

அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். சில வீட்டில் கேட்டவுடன் செம்பு வந்துவிடும். சில வீட்டில் குடத்தின் அடியில் செம்பு உரசும் சத்தம் கேட்கும். சில வீட்டில் அந்த அம்மா பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய் வாங்கி வருவார். வீட்டில் தண்ணீர் இல்லை என்பதும், பின்வாசல் இருக்கிறது என்பதும் ஒரே செம்பில் தெரிந்துவிடும். தண்ணீர் உள்ளதா என்று கேட்டிருந்தால் எல்லோரும் 'உள்ளது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். இல்லாத வீட்டுக்காரர்தான் முதலில் சொல்லுவார்.

அடுத்தது கண்ணை மூடும் வேலை. அடுப்படியிலிருந்து வாசல் வரை கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டச் சொல்வார். ராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளி வீடு. புருஷன் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து தூங்குகிறார்.

"கண்ணாமூச்சியாய்யா வெளையாடச் சொல்லுதீக?" என்று அந்த அம்மா சிரித்தார்.

"பொகை வந்தா கண்ணு தெரியாதுல்லா தாயி. செத்த நேரம் நடந்து காட்டுங்க."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கண்ணை மூடி நடந்தார். மூன்றாவது எட்டில் பருப்பு டின் உருண்டது. ஐந்தாவது எட்டில் புருஷன் வயிற்றில் மிதித்தார்.

"ஏட்டி, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று அவர் துள்ளி எழுந்தார்.

"மூடிட்டுத்தான் நடக்கேன். நடை பாதையில நீட்டி நிமிந்து கெடந்தா யாரு என்ன செய்யட்டும்?"

ஞானமுத்து சார் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார்: 'கணவர் வழியில் படுக்கிறார்.' பிறகு அந்தப் பாயை எங்கே போடலாம் என்று அரை மணி நேரம் அந்தப் புருஷனோடு உட்கார்ந்து பேசினார்.

ஓட முடியாதவர்கள் யார் என்று கேட்பார். கடைசியாக ஒன்று கேட்பார்: "வெளிய வந்த பொறவு, எதுக்காவது திரும்பி உள்ள போவீயளா?" எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். உயிருக்கு மேல என்னய்யா இருக்கு, போக மாட்டோம் என்று. சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் அதையே கேட்பார். "அவளா? ரேஷன் கார்டுக்குப் போவா." "அந்த ஆளு பொண்டாட்டிக்குப் போறாரோ என்னவோ, ஆட்டுக்குப் போவாரு." உண்மை அங்கேதான் கிடைக்கும்.

எல்லாம் முடிந்தபின், தீப்பிடித்தால் வெளியே வருவார்களா என்று அந்த வீட்டுக்கு நேராக ஒரே ஒரு சொல் எழுதுவார். வருவார், அல்லது வரமாட்டார். அவ்வளவுதான் அவருடைய கணக்கு. வரமாட்டார் என்று எழுதிய வீட்டுக்கு மறுபடி போவார். ரேஷன் கார்டை ஒரு பையில் போட்டு வாசல் நிலையில் மாட்ட வைப்பார். ஆட்டை வெளியே கட்ட வைப்பார். பிறகுதான் அந்தச் சொல்லை அடித்து மாற்றுவார். மலையில் மழை பிடித்து அய்யனார் கோவில் பக்கத்து ஆறு பெருகும் ஐப்பசியில், கரையோரத்து வீடுகளிலும் இதே கேள்விகள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு முன்னணித் தீயணைப்பாளராகப் பதவி உயர்வு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு நெசவாளர் தெருவைத் தனியாகப் பார்த்துவரச் சொல்லி சார் என்னை அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் கேட்டுக்கொண்டு போனால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். முதல் நாளே ஆள் விட்டு, நாளைக்குத் தீயணைப்பு அதிகாரி வருகிறார், வீட்டைப் பார்வையிடுவார் என்று தெரு முழுக்கச் சொல்ல வைத்தேன். மறுநாள் காக்கியை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு போனேன்.

தெரு கல்யாணத் தெரு மாதிரி இருந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். குடங்களை விளக்கி நிரப்பி வைத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தத் தெருவில் குருசாமி என்கிற நெசவாளர் வீட்டை மட்டும் சொல்கிறேன். ஒரே நீள அறை, தென்னங்கூரை. நடுவில் குழித்தறி. பின்வாசல் வரை துப்புரவாக இருந்தது, குறுக்கே ஒரு துரும்பு இல்லை. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. திறந்தேன், தாராளமாகத் திறந்தது.

"எத்தனை பேரு?"

"நானும் சம்சாரமும்தான் சாமி. அவ பக்கத்து வீட்டுல இருக்கா."

"ஓட முடியாதவுக உண்டா?"

"ரெண்டு பேருக்கும் காலு நல்லாத்தான் இருக்கு சாமி."

பக்கத்து வீடு மாரியம்மாள் வீடு. தெருவுக்கே வாய் அந்த அம்மாதான். அங்கே குருசாமியின் மனைவி சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். எனக்கு மோர் கொடுத்தாள். நான் ஏதோ கேட்டேன், சிரித்தாள், பதில் சொல்லவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். மோரைக் குடித்துவிட்டு நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக, எழுத்தை நன்றாகச் சுழித்து, 'வருவார்கள்' என்று எழுதினேன். கடைசிக் கேள்வியைப் பக்கத்து வீட்டில் கேட்கவே இல்லை. வெயில் ஏறிவிட்டது.

அன்றைக்கு எனக்குத் தெரியாதது இதுதான். பாவு என்றால் சேலையின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுகிற நூல், இரண்டாயிரத்துச் சொச்சம் இழை. அந்த வீட்டில் அது தறியிலிருந்து பின்சுவர் வரை இடுப்பு உயரத்தில் நிற்கும். நுனியைக் கொத்தாகத் திரட்டி, பின்வாசல் நிலைக்குப் பக்கத்தில் அடித்த முளையில் கட்டியிருப்பார்கள். பாவு கட்டியிருக்கும்போது பின்கதவு திறக்காது. அந்தத் தெருவில் பாவைத் தாண்ட மாட்டார்கள். வெளியாளைத் தாண்ட விடவும் மாட்டார்கள். அதிகாரி வருகிறார், பாவம் அவர் குனிந்து நெளிந்து சங்கடப்படக் கூடாது என்று, முந்தின ராத்திரியே பாவை அவிழ்த்துச் சுருட்டித் தறிமேல் ஏற்றிவிட்டார்கள். நான் தெருவைத் தாண்டியதும் இறக்கிக் கட்டிவிட்டார்கள்.

சீனியம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான் கேள்வி கேட்டால் முழிப்பாளே என்று பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லாம் எனக்காகச் செய்த மரியாதை. அந்த வீடு எனக்குத் தயாராக இருந்தது. நெருப்புக்குத் தயாராக இல்லை.

பங்குனியில் அழைப்பு வந்தது. நடு மத்தியானம், காற்றும் சேர்ந்துகொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவின் கீழ்க்கோடியில் மூன்று கூரை எரிந்துகொண்டிருந்தது. குருசாமி வீட்டு முன்கூரை அப்போதுதான் பிடித்திருந்தது. சந்து குறுகல், வண்டி நுழையாது. கிணற்றடியில் பம்பை இறக்கி ஹோஸ் இழுத்தோம்.

"இந்த வீடு என்ன?" என்று ஞானமுத்து சார் கேட்டார்.

நோட்டைப் பார்க்கவே இல்லை. மனப்பாடமாகச் சொன்னேன். "ரெண்டு பேரு சார். ரெண்டு பேரும் நல்லா ஓடுவாங்க. பின்வாசல் சுத்தமா இருக்கு. வந்திருப்பாங்க."

சார் அதோடு விடவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இந்த வீட்டாளுக எங்க?" என்றார்.

மாரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "குருசாமி நூலு வாங்கப் போயிருக்கான். சீனியம்மாளக் காணும்யா! கத்திக் கத்திப் பாத்தோம். அவளுக்கு எங்க கேக்கும்?"

"ஏன் கேக்காது?" என்றேன் நான்.

"காது கேக்காதவளுக்கு எப்படிய்யா கேக்கும்?"

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீரு கேட்டீரா? ஓட முடியுமான்னுதான கேட்டீரு!"

பின்பக்கம் ஓடினேன். கதவுக்குத் தாழ் போடவில்லை. தள்ளினேன், நாலு விரற்கடை திறந்து எதிலோ இடித்து நின்றது. மறுபடி தள்ளினேன், இழுத்துக் கட்டிய கம்பிபோல எதிர்த்தது. இடைவெளியில் பார்த்தேன்.

சீனியம்மாள் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். புகை அவள் தலைக்கு மேல் தொங்கியது. முளையில் கட்டிய முடிச்சைப் பல்லாலும் நகத்தாலும் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்துபோன பிறகு கட்டி, தறி அடித்து அடித்து இறுகிய முடிச்சு. அவள் இடுப்பில் கத்தரிக்கோல் செருகியிருந்தது. அதைச் சத்தியமாக என் கண்ணால் பார்த்தேன். அதன்மேல் அவள் கை போகவே இல்லை. அவள் உள்ளே மாட்டிக்கொண்டது காது கேட்காததால் கொஞ்ச நேரம், மீதி நேரமெல்லாம் பாவை அறுக்க மனம் வராததால்.

நான் கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்பதுகூட உறைக்கவில்லை. கதவிடுக்கில் என் கையைக் கண்டு நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் நீர். என்னைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று விரலைக் குவித்துக் காட்டினாள். முடிச்சு கொஞ்சம்தான் பாக்கி என்று சொல்கிறாள்!

கோடாலியை இடுக்கில் நுழைத்து அறுத்தேன். விறைப்பாக நின்ற நூல், முனை பட்டவுடன் கொத்துக் கொத்தாகத் தெறித்தது. கதவு விட்டது, நான் உள்ளே போய் விழுந்தேன். எழுவதற்குள் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அவள்தான். இந்த வேலையில் எத்தனையோ பேரைத் தூக்கி வெளியே கொண்டுவந்திருக்கிறேன், அறைந்தவள் அவள் ஒருத்திதான். தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். அறுந்த பாவின் நுனியை அவள் விடவில்லை. எங்களோடு பாவும் இழுபட்டு வாசல்வரை வந்தது.

ஹோஸ் தண்ணீர் நேரத்துக்கு வந்ததால் தறி தப்பியது. முன்கூரை போயிற்று. சீனியம்மாளுக்கு இடது புறங்கையில் மட்டும் தீக்காயம். மருந்து போட வந்தவரையும் தள்ளிவிட்டு, நனைந்த பாவை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுததற்குச் சத்தம் உண்டு. அதைக் கேட்கும்படி ஆயிற்று எனக்கு.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஞானமுத்து சார் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'வருவார்கள்' என்ற சொல்லின் அடியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"போகையில தண்ணி கேட்டியா?"

"இல்ல சார். மோரு குடுத்தாங்க."

"முன்னாலயே சொல்லிட்டுப் போனியோ?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"விருந்தாடியாப் போயிருக்க. விருந்தாடிக்கு எவன்லே வீட்டோட குறையக் காட்டுவான்?" நோட்டை என்னிடம் தந்தார். "இதை அடிச்சுராத. அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஓய்வுதான ஒனக்கு? போய், நீ அறுத்ததை நீயே கட்டிக் குடுத்துட்டு வா."

போனேன். மாரியம்மாள்தான் நடுவில் நின்று பேசினாள், கையாலும் வாயாலும். "பாவைக் கட்டித் தாரேன்னு வந்திருக்காருடி" என்று சைகை காட்டினாள். சீனியம்மாள் என் விரல்களைப் பார்த்தாள். பிறகு மாரியம்மாளிடம் கட்டைவிரலைக் காட்டி ஏதோ செய்தாள். மாரியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொல்லுதாங்க?"

"ஒம்ம வெரலுல கயிறு திரிக்கலாமாம், நூலு கட்ட ஏலாதாம்."

அறுந்த பாவை ஒட்ட ஒரே வழிதான். இந்தப் பக்கத்து இழையை எடுத்து, அந்தப் பக்கத்தில் அதே இழையைத் தேடி, முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொன்றாக, இரண்டாயிரத்துச் சொச்சமும். அவளும் குருசாமியும் ஒரு பக்கத்திலிருந்து வந்தார்கள், நான் மறுபக்கத்திலிருந்து. முடிச்சில் முதலாவது வந்தவன் நான். என்னுடைய முதல் முடிச்சை அவள் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். கையோடு வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது நின்றது, ஆனால் கடுகு அளவு தடிப்பாக இருந்தது. தறியில் இழையைத் தூக்கி இறக்குகிற விழுதின் கண்ணுக்குள் நுழையாது என்று அதையும் பிரித்துவிட்டு என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். சாயங்காலத்துக்குள் என்னுடையதில் அறுபதோ எழுபதோ தேறியிருக்கும். நாலு ஞாயிற்றுக்கிழமை போனேன். கடைசி ஞாயிறில் அவள் இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்த ஒன்றுக்கு ஈடாக நான் வேறு எந்தச் சான்றிதழையும் சொல்ல மாட்டேன்.

பாவை மறுபடி முளையில் கட்டும்போது நான் குறுக்கிட்டேன். இழுத்தால் அவிழ்கிற முடிச்சு ஒன்று உண்டு. ஏணியிலிருந்து சாமான் இறக்கும்போது போடுவோம். அதைப் போட்டு, வாலைக் கீழே தொங்கவிட்டுக் காட்டினேன். வாலை இழுத்தால் மொத்தப் பாவும் கீழே விழும், அறுக்க வேண்டியதில்லை. சீனியம்மாள் தறியில் உட்கார்ந்து, நெய்கிறபடியே பத்துத் தரம் அடித்தாள். என் முடிச்சு தானாக நெகிழ்ந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதையே கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டாள். மறுபடி அடித்தாள், நின்றது. வாலை இழுத்தாள், விழுந்தது. மூன்று தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினாள். மாரியம்மாள் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கயிற்றைத் தறிக்கட்டையில் கட்டியதும் அன்றைக்குத்தான். அங்கே இழுத்தால் இங்கே தறி அசையும், இவள் திரும்பிப் பார்ப்பாள். பிறகு குழம்பு ருசி பார்க்கக் கூப்பிடுவதற்கும் மாரியம்மாள் அதைத்தான் இழுத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

மறுவருடம் மாசியில் யாருக்கும் சொல்லாமல் போனேன். வெள்ளைச் சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்டேன். சீனியம்மாள் சிரித்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கேட்ட உடனே வந்தது.

நான் குடித்து முடிப்பதற்குள் அவளே தறியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினாள். எழுந்தாள். இடது கை சுவரைத் தடவ, ஏழாவது எட்டில் முளையடிக்குப் போனாள். வாலைப் பிடித்து இழுத்தாள். பாவு மொத்தமாகத் தரையில் விழுந்தது. அதன் முன்னால் ஒரு கணம் நின்றாள். கண் மூடியபடியே குனிந்து, நூலைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அந்தத் தெருவில் யாருமே தாண்டாத பாவைத் தாண்டி, கதவைத் திறந்து வெளியே போய் நின்றாள்.

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். இப்போது நீ.

நான் கண்ணை மூடி நடந்தேன். கதவு நிலையில் நெற்றி இடித்தது. மாரியம்மாள் வீட்டிலிருந்து சிரிப்புக் கேட்டது. அதைவிடச் சத்தமாகச் சீனியம்மாள் சிரித்தாள்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நோட்டை எடுத்தேன். போன வருடத்து 'வருவார்கள்' அடிக்காமல் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, சுழிக்காமல், சாதாரண எழுத்தில் எழுதினேன்: 'வருவாள்.'